அழுகை வராதவர்களும் அழுதுகொண்டே இருப்பவர்களும்: மனந்திரும்புதல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் முப்பது வருடங்களுக்கு மேலாக ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறேன், பெண்கள் ஐக்கியத்திலும் இருக்கிறேன். அம்மா கத்தோலிக்க வீட்டிலிருந்து வந்தவர். அதனால் ஈஸ்டருக்கு முந்திய நோன்பு நாட்களைக் குறிக்கும் லெந்து நாட்கள் என்ற சொல்லும் தவக்காலம் என்ற சொல்லும் எனக்கு வீட்டுச் சொற்கள்தான். சாம்பல் புதன் தொடங்கிப் பெரிய வெள்ளி வரைக்கும் ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில் யாராவது என்னை நிறுத்தி இந்தக் கேள்விகளைக் கேட்பார்கள். நின்றபடி சொன்ன பதில்களை உட்கார்ந்து எழுதியிருக்கிறேன்.

எல்லோரும் அழுகிறார்கள். எனக்கு மட்டும் அழுகை வரவில்லை. நான் மனந்திரும்பவில்லையா?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். "அக்கா, எம்மனசு கல்லாப் போச்சோ?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். உபவாச ஜெபத்தில் பக்கத்தில் இருப்பவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருக்க, இவர் கண் மட்டும் காய்ந்து கிடக்கும். அன்று இரவு தூக்கம் வராது.

லூக்கா 19-ஆம் அதிகாரத்தில் சகேயு என்ற வரி வசூலிப்பவனைப் பாருங்கள். காட்டத்தி மரத்திலிருந்து சீக்கிரமாய் இறங்கினான், சந்தோஷத்தோடே இயேசுவை வீட்டுக்கு அழைத்துப் போனான், ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு என்றான், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். அவன் அழுததாக ஒரு வார்த்தை இல்லை. ஆனாலும், "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்று இயேசு சொன்னார். லூக்கா 15-இல் வரும் இளைய மகனும் பன்றிகள் நடுவே அழுததாக எழுதப்படவில்லை. "அவனுக்குப் புத்தி தெளிந்தபோது" என்றுதான் இருக்கிறது. அப்பா வீட்டுக் கூலிக்காரருக்குச் சாப்பாடு மிஞ்சுகிறது, நான் இங்கே பசியில் சாகிறேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தான், எழுந்து நடந்தான்.

இன்னொன்றும் உண்டு. கண்ணீர் வருவதும் வராததும் பாதி வளர்ப்பைப் பொறுத்தது. நம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு சாவு விழுந்தால் பெண்கள் மாரில் அடித்து ஒப்பாரி வைப்பார்கள். அதே வீட்டில், "ஆம்பளப் புள்ள அழலாமாடா" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர் அறுபது வயதில் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் கண்ணையும் அவர் அத்தாச்சி கண்ணையும் ஒரே அளவையால் அளக்க முடியுமா? ஊர் பழக்கிவிட்டதை வைத்து ஆத்துமாவின் நிலையைக் கணிக்காதீர்கள்.

மனந்திரும்புதல் என்ற சொல்லுக்கு வேதத்தில் என்ன பொருள்?

புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் மெட்டனோயா. புத்தி மாறுவது, எண்ணம் மாறுவது என்று பொருள். பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசிகள் பயன்படுத்தும் எபிரெயச் சொல் ஷூப். போன வழியை விட்டுத் திரும்பி வருவது. இரண்டிலும் உணர்ச்சி சொல்லின் மையத்தில் இல்லை. நம் தமிழ்ச் சொல் இரண்டையும் ஒன்றாகப் பிடித்துவிட்டது: மனமும் இருக்கிறது, திரும்புதலும் இருக்கிறது. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து செய்த 1995-ஆம் ஆண்டுத் திருவிவிலியத்தில், "மனம் மாறுங்கள்" என்று வரும்.

இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்தது 1606-இல். அவர் காலத்துக் கிறிஸ்தவத் தமிழில் வடசொல் நிறைய. அந்த வழியில் வந்த மனஸ்தாபம், பச்சாத்தாபம், பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவத்தை அறிக்கையிடுவது) எல்லாம் என் அம்மாவின் ஜெபப் புத்தகத்தில் இருந்தன. மனஸ்தாபம் என்றால் மனம் காய்வது, வேகுவது. இன்று அந்தச் சொல்லைச் சொன்னால், "அவங்க ரெண்டு பேருக்கும் என்ன மனஸ்தாபம்?" என்று சண்டையைத்தான் நினைக்கிறோம். பாவத்துக்காக வருந்திச் சொல்லும் ஜெபமான உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சிறுவயதில் அம்மாவோடு சேர்ந்து சொன்னபோது எனக்கும் கடவுளுக்கும் ஏதோ சண்டை என்றே நினைத்திருந்தேன். யோசித்தால் அதில் பெரிய தப்பும் இல்லை.

அப்படியானால் உணர்வே தேவையில்லையா? தலையால் முடிவெடுத்தால் போதுமா?

போதாது. முதல் பதிலைப் படித்துவிட்டு, "நல்லவேளை, ஒண்ணும் உணர வேண்டாம்" என்று யாரும் போய்விட வேண்டாம்.

பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு பேசியதைக் கேட்டவர்கள் "இருதயத்திலே குத்தப்பட்டவர்களாகி" என்ன செய்யவேண்டும் என்று கேட்டார்கள். குத்து முதலில், கேள்வி பிறகு. தீர்க்கதரிசி யோவேல், "உங்கள் வஸ்திரங்களையல்ல, உங்கள் இருதயங்களைக் கிழித்து" திரும்புங்கள் என்கிறான். 51-ஆம் சங்கீதம் நொறுங்குண்ட இருதயத்தைத் தேவன் புறக்கணிக்கமாட்டார் என்கிறது. இயேசு சொன்ன உவமையில், ஜெபிக்க வந்த ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்) கண்ணைக்கூட ஏறெடுக்காமல் மார்பில் அடித்துக்கொண்டான். நான் அடித்த ஆளின் வலி எனக்குள் கொஞ்சமும் இறங்காமல், "சரி, தப்புதான், இனிமே செய்யல" என்று நகர்ந்தால், நான் சட்டத்தைத்தான் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை.

ஆனால் அந்தக் குத்து கண்ணீராகத்தான் வரவேண்டும் என்பதில்லை. சிலருக்கு வயிறு கலங்கும். சிலர் இரண்டு நாள் பேசாமல் இருப்பார்கள். சிலருக்குத் தன் குரலைக் கேட்கவே வெறுப்பாக இருக்கும். இதெல்லாம் துக்கம்தான். அகஸ்தீனாருக்கு 386-இல் மிலான் நகரத் தோட்டத்தில் அத்திமரத்தடியில் அழுகை பீறிட்டது. அவருக்கு அப்படி வந்தது. எல்லோருக்கும் அதுவே வழி என்று அவரும் சொல்லவில்லை.

தேவனுக்கேற்ற துக்கம் எது, லௌகிக துக்கம் எது?

"தேவனுக்கேற்ற துக்கம் பின்பு மனஸ்தாபப்படுகிறதற்கு இடமில்லாமல் இரட்சிப்புக்கேதுவான மனந்திரும்புதலை உண்டாக்குகிறது, லௌகிக துக்கமோ மரணத்தை உண்டாக்குகிறது." இது 2 கொரிந்தியர் 7:10. பவுல் அந்தச் சபைக்கு முன்பு ஒரு கடுமையான கடிதம் எழுதியிருந்தார். அது அவர்களை நோகடித்தது. அந்த நோவு நல்லதாய் முடிந்தது என்று இங்கே எழுதுகிறார். கவனியுங்கள், துக்கம் மனந்திரும்புதலை உண்டாக்குகிறது என்கிறார். அப்படியென்றால் துக்கமும் மனந்திரும்புதலும் இரண்டு. ஒன்று மற்றதைப் பெறுகிறது.

இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவையும், அவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் எல்லா சபையிலும் உண்டு. பொதுவாக, பேதுரு உண்மையாக அழுதான், யூதாஸ் அழவில்லை என்பார்கள். மத்தேயு 27-ஐத் திரும்பப் படியுங்கள். யூதாஸ் மனஸ்தாபப்பட்டான். முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோனான். "குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன்" என்று வாயால் சொன்னான். துக்கம், அறிக்கை, திருப்பிக் கொடுத்தல் மூன்றும் அவனிடம் இருந்தன! இந்த வசனம் என்னைப் பல வருடம் பயமுறுத்தியது. ஆனால் அவன் யாரிடம் போனான்? தன்னை விலைக்கு வாங்கியவர்களிடம். அவர்கள், "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்றார்கள். யாருக்குத் துரோகம் செய்தானோ அவரிடம் போகவில்லை. பேதுருவோ மனங்கசந்து அழுதபின், கரையில் நிற்பது ஆண்டவர் என்று கேட்டவுடன் படகு கரைசேரும்வரை பொறுக்காமல் கடலில் குதித்தான். யோவான் 21.

என் துக்கம் என்னை அவர் பக்கம் தள்ளுகிறதா, இல்லை என்னையே சுற்றிச் சுற்றி வருகிறதா? "இப்படி ஆகிட்டேனே, என் பேர் கெட்டுச்சே" என்பதிலேயே நின்றால் அது லௌகிக துக்கம். தம்பி யாக்கோபிடம் தகப்பனின் ஆசீர்வாதத்தை இழந்த ஏசாவின் கண்ணீரும் அப்படித்தான். கைவிட்டுப்போன ஆசீர்வாதத்துக்காக அழுதான்.

கன்வென்ஷனில் (பெரிய நற்செய்திக் கூட்டத்தில்) விம்மி விம்மி அழுதேன். வீட்டுக்கு வந்ததும் பழையபடி ஆகிவிட்டேன். அந்த அழுகை பொய்யா?

பொய் என்று சொல்லமாட்டேன். ஆயிரக்கணக்கானோர் கூடியிருக்கும் மைதானம், ராத்திரி ஒன்பது மணி, கீபோர்டு மெதுவாக வாசிக்கிறது, "கண்களை மூடுங்கள், கையை உயர்த்துங்கள்" என்று ஒரு குரல். அழாமல் இருப்பதுதான் கஷ்டம். கூட்டத்துக்கும் இசைக்கும் உடம்பு அசைந்து கொடுக்கும். அது பாவமும் இல்லை, பரிசுத்தமும் இல்லை.

அந்த அழுகை எதற்கானது என்று மட்டும் மறுநாள் காலையில் யோசியுங்கள். அம்மா என்னைக் கீழவெளி வீதியில் இருக்கும் மரியன்னை பேராலயத்துக்குக் கூட்டிப்போவார். வியாகுல அன்னைக்கு ஒப்புக்கொடுத்த கோயில் அது. பீடத்துக்கு முன் முழங்காலிட்டதும் அம்மா அழுவார். ஏதோ பெரிய பாவம் செய்துவிட்டார் என்று பயந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பிறந்து செத்துப்போன பிள்ளைக்காக அழுதார் என்று பிறகு தெரிந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் போய் அழுதார். கன்வென்ஷன் கண்ணீரிலும் பாதிக்கு மேல் இந்த வகை: அடைபடாத கடன், கல்யாணம் ஆகாத மகள், ஆஸ்பத்திரியில் கிடக்கும் மாமியார். ஆண்டவர் அந்தக் கண்ணீரையும் ஏற்கிறார். அதை மனந்திரும்புதல் என்று நீங்கள் பெயர் மாற்றாதீர்கள். மாற்றினால், அடுத்த மாதம் பழையபடி கோபப்படும்போது, "என் இரட்சிப்பே போய்விட்டது" என்று அலறுவீர்கள்.

ஒருவேளை பாவத்துக்காகவே அழுதிருந்தால், அன்றைக்குத் தொடங்கியதை இன்றைக்குத் தொடருங்கள். 1517-இல் மார்ட்டின் லூத்தர் எழுதிய 95 கூற்றுகளில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாய் இருக்கவேண்டும் என்பதுதான். ஒரே ராத்திரியில் முடிகிற வேலை என்று யாரும் சொல்லவில்லை.

நரகத்துக்குப் பயந்துதான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன். அன்பினால் அல்ல. அது செல்லுமா?

கத்தோலிக்கத் திருச்சபை இதை 1551-இல் திரிதெந்து சங்கம் என்ற ஆயர்களின் பெரிய கூட்டத்தில் தெளிவாகப் பேசியிருக்கிறது. கடவுள்மேல் உள்ள அன்பினால் வருவது உத்தம மனஸ்தாபம். தண்டனைக்குப் பயந்தோ பாவத்தின் அசிங்கத்தைப் பார்த்தோ வருவது அதைவிடக் குறைவானது. ஆனாலும் அதுவும் கடவுள் தந்த கொடைதான், அந்த அருட்சாதனத்தில் மன்னிப்புப் பெற அது ஆளைத் தயார்செய்கிறது என்று அங்கே சொல்லப்பட்டது. மனஸ்தாபம் என்பது முதலில் சித்தத்தைச் சேர்ந்தது: செய்ததை வெறுப்பது, இனிச் செய்வதில்லை என்று தீர்மானிப்பது. நெஞ்சு உருகுவது கூட வந்தால் வரட்டும்.

எங்கள் பக்கத்தில் பயத்தை அதிகம் சொல்லி வளர்த்துவிட்டார்கள். ரோமர் 2:4-இல் மனிதனைக் குணப்படும்படி ஏவுவது தேவனுடைய தயவு என்று இருக்கிறது. பயந்து வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிடாமல் உள்ளே வரவேண்டும், அவ்வளவுதான்.

மன்னிப்புக் கேட்டால் போதாதா? திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டுமா?

இதற்கு என் கதையைச் சொல்லியாக வேண்டும்.

அம்மா இறந்தபின் பீரோவைத் திறந்தவள் நான். அவருடைய நாலு பவுன் சங்கிலி அதில் இருந்தது. அதைத் தங்கைக்கு என்று அம்மா சொல்லியிருந்தார். கடைசி நாட்களில் அம்மாவைப் பார்த்துக்கொண்டது நான்தானே என்று எடுத்து வைத்துக்கொண்டேன். தங்கை கேட்டபோது, "பார்க்கலையே" என்றேன். இரண்டு வருடம் போனது. ஒவ்வொரு திருவிருந்துக்கு முன்னும் சபையோடு சேர்ந்து பாவ அறிக்கை வாசித்தேன். சில நாள் கண்ணும் கலங்கியது.

ஒரு லெந்து ஞாயிறு சகேயு பாடம். ஒரு பையன், "டீச்சர், நாலத்தனைன்னா எவ்வளவு? நூறு ரூவா எடுத்தா நானூறா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிப் பலகையில் நாலு என்று எழுதினேன். சாக்பீஸைக் கீழே வைக்க முடியவில்லை. அழுகை எதுவும் வரவில்லை, வயிற்றை என்னவோ செய்தது.

அந்த வாரமே உசிலம்பட்டி பஸ் ஏறித் தங்கை கையில் சங்கிலியைக் கொடுத்தேன். அவள் அழுதாள். பிறகு ஒன்று சொன்னாள்: "அக்கா, நான் அந்த வேலைக்கு வந்த அம்மாவத்தானே சந்தேகப்பட்டேன். நேர்லயே கேட்டுட்டேனே." அம்மா வீட்டில் பாத்திரம் தேய்த்தவர் அவர். செல்லூரிலிருந்து நடந்தே வருவார். நான் எடுத்த சங்கிலிக்கு அவர் திருடிப் பட்டம் சுமந்திருக்கிறார். எனக்கு அது தெரியவே தெரியாது. நான் வீட்டுக்குள்ளேயே முழங்காலில் நின்று எவ்வளவு அழுதிருந்தாலும் தெரிந்திருக்காது.

செல்லூர் சந்தில் விசாரித்து விசாரித்துப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "சரிம்மா, போயிட்டு வாங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

எண்ணாகமம் 5-ஆம் அதிகாரம் எடுத்ததோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. மத்தேயு 5-இல் இயேசு, காணிக்கையைப் பலிபீடத்துக்கு முன்பாக வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்கிறார். யோவான்ஸ்நானன் மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனிகள் என்று சொன்னவை இரண்டு அங்கி இருந்தால் ஒன்றைக் கொடு, கட்டளையிட்டதற்கு மேல் வசூலிக்காதே, சம்பளம் போதும் என்றிரு என்கிற மாதிரி வீட்டுக் கணக்குகள். வரப்பை ஒரு சாண் தள்ளிப் போட்டவர் அதை இழுத்துப் போட வேண்டும். மீட்டர் வட்டிக்கு விட்டவர் நோட்டைத் திறக்க வேண்டும். இரட்சிப்பைக் காசு கொடுத்து வாங்குவது இல்லை இது. திரும்பி வருகிறவன் கையில் திருட்டுப் பொருள் எப்படி இருக்கும்?

அறிக்கையிட்டுவிட்டேன், சரிசெய்துவிட்டேன். குற்ற உணர்வு மட்டும் போகவில்லையே?

உணர்வு மெதுவாகத்தான் வரும். சண்டை தீர்ந்த பிறகும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வதில்லையா, அதுபோல. "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளென்று தீர்க்குமானால்" தேவன் நம் இருதயத்திலும் பெரியவர் என்று யோவான் எழுதுகிறார். ஒரே பாவத்தை நூறாவது முறையாக அறிக்கையிடுவது பக்தி போலத் தோன்றும். 1 யோவான் 1:9-ஐ நம்பாததுதான் அது.

சிலருக்கு இது வேறு விஷயம். தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, மன்னிக்கப்படாத பாவம் செய்துவிட்டேன் என்ற எண்ணம் நாள் முழுக்கச் சுற்றுகிறது, செத்துவிடலாமா என்று தோன்றுகிறது. அப்போது ஜெபத்தோடு மருத்துவரையும் பாருங்கள். இராஜாஜி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். மனச்சோர்வு ஒரு நோய். அதை மனச்சாட்சியின் குரல் என்று நினைத்து உபவாசத்தைக் கூட்டிக்கொண்டே போனவர்களைப் பார்த்து நான் கலங்கியிருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். காலையில் காலில் விழுந்து அழுகிறார். நம்பவேண்டுமா?

கல்மழை பெய்தபோது எகிப்து ராஜா பார்வோன், "இந்த முறை நான் பாவம் செய்தேன்" என்று மோசேயிடம் சொன்னான். மழை நின்றதும் மறுபடி நெஞ்சைக் கடினப்படுத்திக்கொண்டான். யாத்திராகமம் 9. அந்த நிமிடம் அவன் நடித்தான் என்றுகூடச் சொல்ல வேண்டாம். கல் விழும்வரை அவனுக்கு வலித்தது, அவ்வளவுதான்.

மகளே, அந்தக் கண்ணீரை வைத்து நீ எதையும் முடிவு செய்யாதே. குடியை நிறுத்த ஆளைத் தேடிப் போகிறாரா? நீ அம்மா வீட்டில் இருக்கிறேன் என்றால் நச்சரிக்காமல் விடுகிறாரா? நடந்ததை உன் அப்பா முன்னால் வாய்விட்டுச் சொல்கிறாரா? இவற்றைப் பார். "அவருதான் அழுதுட்டாருல்ல, இன்னும் ஏம்மா பிடிவாதம்?" என்று சபையில் யாராவது சொன்னால், என்னிடம் அனுப்பு. மன்னிப்பது வேறு, அடிவாங்க மறுபடி உள்ளே போவது வேறு. அவசரத்துக்கு 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. கூப்பிடுவது விசுவாசக் குறைவு ஆகாது.

எல்லோர் முன்னாலும் சாட்சி சொல்லி அழவேண்டுமா? வெட்கமாக இருக்கிறது.

வேண்டாம். யாருக்குத் தப்பு செய்தீர்களோ அவரிடம் சொல்லுங்கள், ஆயரிடமோ குருவானவரிடமோ சொல்லுங்கள். ஊர் என்ன சொல்லும் என்ற பயம் நம்மை மறைக்கவும் வைக்கும், சில நேரம் மேடையேறி மிகைப்படுத்தவும் வைக்கும்.

பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

சிலுவையின் ஆணியை வர்ணித்து அழவைக்காதீர்கள். விடுமுறை வேதாகமப் பள்ளியில் ஒரு பிள்ளை அழுதால் பின்னாலேயே இருபது பிள்ளைகள் அழும். பக்கத்துப் பையனின் பென்சிலைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுத்துவிட்டு வரும்போது அவன் முகத்தில் வருகிற சந்தோஷத்தைப் பாருங்கள். லூக்கா 15 முழுக்க அந்தச் சந்தோஷம்தான்: ஆடு கிடைத்தது, வெள்ளிக்காசு கிடைத்தது, மகன் கிடைத்தான், விருந்து.

அந்தச் செல்லூர் அம்மா உங்களை மன்னித்துவிட்டாரா?

பெண்கள் ஐக்கியத்தில் இந்தக் கதையைச் சொன்ன நாளிலிருந்து இதைக் கேட்காதவர் இல்லை.

அவர் வாய் திறந்து சொன்னதில்லை. தங்கையும் நானும் சேர்ந்து இன்னொரு முறை போனோம். அவர் முன்பு வேலை பார்த்த மற்ற வீடுகளுக்கும் போய், எடுத்தது நான் என்று சொல்லிவிட்டு வந்தோம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போகிறேன். முதல் இரண்டு வருடம் வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினார். இப்போது உள்ளே உட்காரச் சொல்கிறார், பேத்தியிடம் காப்பி போடச் சொல்கிறார். சங்கிலிப் பேச்சை அவர் எடுப்பதில்லை. மன்னித்தீர்களா என்று நானும் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன்.